காதர் பாய்க்குச் செய்த பீச் காப்ளர்

இந்த ஊரில் டப்பாவுக்குள் இருக்கும் பழத்தை யாரும் கேட்பதில்லை, டப்பாவைத்தான் கேட்கிறார்கள். மயிலாப்பூரில் நான் குடியிருக்கும் சந்தில் சுவருக்கு அந்தப் பக்கம் கன்னியம்மா என்றொரு பூக்காரி இருக்கிறாள். யுத்த காலத்தில் நான் அடையாற்றில் ஓர் அமெரிக்க அம்மாளின் பங்களாவில் சமையல் வேலை பார்த்தேன். அங்கே ராணுவக் கிடங்கிலிருந்து டப்பா டப்பாவாகப் பழம் வரும். காலி டப்பாக்களை நான் வீட்டுக்குக் கொண்டுவருவேன். தகரத்துக்கு அப்போது அவ்வளவு கிராக்கி. கன்னியம்மா வாசலிலேயே நின்று, "இன்னாக்கா, டப்பா எதுனா காலியாச்சா?" என்று வாங்கிக்கொள்வாள். ஒரே ஒரு முறைதான் அவள் என் வீட்டில் திறக்காத டப்பாவைப் பார்த்தாள். நான் மூடியை வெட்டித் திறந்ததும் எட்டிப் பார்த்து, "இன்னா இது, முட்டை மஞ்சக்கருவா?" என்றாள். பழம் என்றேன். "பழத்த எதுக்குத் தண்ணில போட்டு அடச்சி வெச்சிக்கிறாங்க? செத்துப்பூடாதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனாள். அந்த டப்பாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ரங்கூனில் இன்னும் இருப்பவர்களும், என்னைப் போலக் கப்பலேறி வந்தவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் ஐம்பத்தோராம் தெருவில், மூன்றாவது மாடியில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணத்துக்கு முன்பு ஓர் அமெரிக்க மிஷனரி அம்மாளின் சமையலறையில் வேலைக்கு இருந்தேன். அவர் கற்றுத்தந்ததுதான் பீச் காப்ளர், பீச் பழத்தில் செய்யும் இனிப்பு. வெண்ணெயைச் சட்டியில் உருக்கி, மைதா, சர்க்கரை, பால், ஒரு சிட்டிகை சோடா கலந்து கரைத்த மாவை அதன்மேல் ஊற்றி, டப்பா பழத்தைச் சாறோடு மேலே விட வேண்டும். கிளறக் கூடாது. அது ஒன்றுதான் கவனம். சூடு ஏற ஏற, அடியில் கிடந்த மாவு பழத்தைத் தாண்டி மேலே வந்து ஓரமெல்லாம் பொன்னிறமாகக் கட்டிக்கொள்ளும். இதைவிடச் சுலபமான பலகாரம் கிடையாது என்பார் அந்த அம்மாள். என் வீட்டுக்காரர் ஞானமுத்து ஜெட்டியில், அதாவது கப்பல் துறையில், சரக்கு சரிபார்க்கும் குமாஸ்தா. பெயரை வாயால் சொல்ல மாட்டேன், எழுத்தில் என்பதால் சொல்கிறேன். கப்பலிலிருந்து இறங்கும்போது நசுங்கிய டப்பாக்களை வியாபாரிகள் எடுக்க மாட்டார்கள். அவற்றில் ஒன்றிரண்டு எங்கள் வீட்டுக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து நான் காப்ளர் செய்வேன். அதே ஜெட்டியில் வேலை செய்த காதர் பாய் சரியாக அந்த நேரத்துக்கு மாடியேறி வருவார். "தங்கச்சி, வாசன தெருமுனை வரைக்கும் வந்துருச்சு" என்பார். அவர் குடும்பம் எல்லாம் இந்தியாவில். எங்களுக்குப் பிள்ளை இல்லை. மூன்று பேரும் ஒரே சட்டியில் சாப்பிட்டோம்.

ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு கப்பலில் பெண்களுக்குத்தான் இடம் கொடுத்தார்கள். ஜெட்டி ஆட்களைப் போக விடவில்லை. "நீ முன்னாலே போ, நானும் காதரும் வந்துடறோம்" என்றார் அவர். நானும் கூட்டத்தோடு ஏறிவிட்டேன். சென்னையில் இறங்கியபோது, துறைமுகத்தில் பெயர் எழுதிக்கொண்டவர் "சொந்த ஊர்?" என்றார். ரங்கூன் என்றேன். "அது சரிம்மா, சொந்த ஊரு?" என்றார் மறுபடியும். எனக்கு வேறு ஊர் தெரியாது. கடைசியில் அவரே ஏதோ ஒன்றை எழுதிக்கொண்டார். அங்கே பர்மியர்கள் எங்களைக் 'கலா' என்றார்கள், வெளியிலிருந்து வந்தவன் என்று அர்த்தம். இங்கே நான் பர்மாக்காரி ஆனேன். வந்த சில வாரங்களில் சென்னைக்கும் ஜப்பான்காரன் வருகிறான் என்று ஊரே காலியானது. மயிலாப்பூர் மாடவீதிகளில் வீட்டுக்கு வீடு பூட்டு. பாத்திரமும் படுக்கையுமாக எழும்பூர் ஸ்டேஷனுக்கு வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. ஓடிவந்த நான் மட்டும் ஓடவில்லை. அவர் வந்தால் தேடுவாரே என்று இருந்த இடத்திலேயே இருந்தேன். ஆளில்லாத ஊர் என்பதால்தான் இந்தச் சந்தில் எனக்கு ஓர் அறை கிடைத்தது.

ஒன்றரை வருஷம் கழித்து, பாண்டி பஜாரில் ரங்கூனில் பழகிய ஒரு தையற்காரரைத் தற்செயலாகப் பார்த்தேன். "காதர் பர்மாவிலேருந்து மலை வழியா நடந்தே வந்து சேர்ந்துட்டார், தெரியாதா? உங்க மயிலாப்பூரிலேதான், தங்கச்சி வீட்டிலே இருக்கார்" என்றார். என் வீட்டுக்காரரைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை. அங்கிருந்தே நேராக நடந்தேன். மசூதிக்குப் பின்னால் ஒரு சின்ன ஓட்டு வீடு. கதவைத் திறந்தது காதர் பாயின் தங்கை ஜைனபு. "உள்ள வாம்மா. ஆனா பேச மாட்டார். அஸ்ஸாம் ஆஸ்பத்திரிலேருந்து வந்து மூணு மாசமாச்சு. கஞ்சி வெச்சா ரெண்டு வாய், அதோட சரி" என்றாள். மூலையில் பாயில் கிடந்தவரைக் காதர் பாய் என்று நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "பாய், என்னைத் தெரியுதா? ஞானமுத்து வீட்டிலேருந்து வந்திருக்கேன்" என்றேன். வெட்கத்தை விட்டுப் பெயரைச் சொன்னேன். அவர் என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த வாரமும் போனேன், அதற்கடுத்த வாரமும் போனேன். அதே சுவர். "அவரு எங்கேன்னு மட்டும் சொல்லுங்க பாய்" என்று கெஞ்சியும் பார்த்தேன். ஜைனபு என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, "எதுனா வாய்க்கு ருசியா உள்ள போனா நாக்கு அசையுமோ என்னமோ" என்றாள்.

அவள் சும்மா சொன்னாள். ஆனால் பஸ்ஸில் அடையாறு பாலத்தைத் தாண்டும்போது அது எனக்குள் பிடித்துக்கொண்டது. அன்று பங்களாவின் ஸ்டோர் அறையில் அலமாரி நிறைய பீச் டப்பாக்கள் இருந்தன. கேட்டால் அந்த அம்மாள் கொடுத்திருப்பார், நல்லவர்தான். ஆனால் எதற்கு என்று இங்கிலீஷில் விளக்க எனக்கு வார்த்தை இல்லை. ஒரு டப்பாவை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன். வாழ்நாளில் நான் எடுத்த ஒரே திருட்டுப் பொருள் அது. ரேஷன் மைதாவில் வண்டு இருந்தது, இரண்டு முறை சலித்தேன். பங்களாவில் இருப்பது போல ஓவன் எனக்கு இல்லை. அலுமினியச் சட்டியைக் கரியடுப்பில் வைத்து, மூடிமேலும் கனல் பரப்பினேன். அடி தீய்ந்துவிடுமோ என்று அடுப்புக் கனலைக் கொஞ்சம் தள்ளிவிட்டேன். மாவு மேலே எழும்பி, பழங்களின் நடுவே மெதுவாக வெடித்து வந்தபோது அந்த வாசனை அறையை நிறைத்தது. எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் அன்று நான் நம்பிக்கையோடுதான் இருந்தேன். இன்றைக்கு நினைத்தால் அதுதான் தாங்கவில்லை. சட்டியைத் துணியில் கட்டி, சூடு ஆறும் முன் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

நான் நினைத்தது அப்படியே நடந்தது. துணியை அவிழ்த்ததும் காதர் பாய் திரும்பினார். கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, இன்னிக்கு ஞாயித்துக்கெழமையா?" என்றார்.

அன்று புதன். "ஆமா பாய்" என்றேன்.

தட்டில் வைத்துக் கொடுத்தேன். முதல் வாயை வெகுநேரம் வைத்திருந்து விழுங்கினார். பிறகு வேகமாகச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே, கேட்காமலே, பேச ஆரம்பித்தார்.

"சிண்ட்வின் ஆறு தாண்டுற வரைக்கும் நல்லாத்தான் வந்தாரு. மலை ஏறயில வயித்தால போக ஆரம்பிச்சுது. மூணு நாள் என் தோள்ல சாச்சுக்கிட்டு வந்தேன். அப்பறம் எனக்கும் காச்சல். ஒரு ஓடக்கரையில, மூங்கில் நெழல்ல உக்கார வெச்சேன். தண்ணி மொண்டு பக்கத்துல வெச்சேன். ஆளக் கூட்டிக்கிட்டு வாரேன்னு சொன்னேன்."

"கூட்டிக்கிட்டுப் போனீங்களா?"

அவர் இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டார். "இல்ல."

"அப்போ உயிர் இருந்துச்சா, பாய்?"

"இருந்துச்சு. நான் போறதப் பாத்துக்கிட்டே இருந்தாரு."

"ஏதாவது சொன்னாரா?"

"நான்தான் கேட்டேன். என் செருப்பு அந்துபோச்சு தங்கச்சி. அவரு செருப்பக் கேட்டேன். கழட்டிக் குடுத்தாரு."

கதவருகே நின்றிருந்த ஜைனபு தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். காதர் பாய் காலித் தட்டை என்னிடம் நீட்டினார். "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்றார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, ஆனால் அவருக்கு உண்மையாகவே பசித்தது. நான் சட்டியைச் சுரண்டி மீதியையும் வைத்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் வேலைக்குப் போனேன். வீங்கிய முகத்தைப் பார்த்துத் தோட்டக்காரர் கேட்டார், சொன்னேன். அவர் போய் அம்மாளிடம் சொல்லியிருக்கிறார். அது எனக்குத் தெரியாது. அம்மாள் சமையலறைக்கு வந்து என் தோளில் கைவைத்து, "ஐ ஆம் ஸோ ஸாரி அபௌட் யுவர் லாஸ்" என்றார். லாஸ் என்ற சொல்லை நான் ஜெட்டிப் பேச்சில் மட்டுமே கேட்டிருக்கிறேன். வந்து சேராத சரக்குக்கு அங்கே அப்படிச் சொல்வார்கள். டப்பா போனது தெரிந்துவிட்டது என்று நினைத்து, "மேடம், ஐ ஒன்லி டேக். ஒன் டின்" என்று கைகூப்பினேன். அவர் முதலில் விழித்தார். பிறகு புரிந்தது போலும். தோளிலிருந்த கை மெல்ல இறங்கியது. திட்டவில்லை, அன்று லீவும் கொடுத்தார். அடுத்த நாள் ஸ்டோர் அறைக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. யுத்தம் முடிந்து அவர் ஊருக்குப் போகும் வரை, பழமெடுக்க அவரிடம் போய்ச் சாவி கேட்டு நின்றேன்.

காதர் பாய் தேறிவிட்டார். அந்தப் புதன்கிழமை முதலே சோறு கேட்டுச் சாப்பிட்டார் என்றாள் ஜைனபு. இப்போது ஆழ்வார்பேட்டையில் குடை ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். நான் அந்த வழியாகப் போக நேர்ந்தால் எதிர்ச் சாரியில் நடப்பேன். அவர் பார்த்தால் எழுந்து நிற்பார், கூப்பிட மாட்டார். அவர்மேல் கோபம் வரவில்லை. அந்த மலையில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் அவர் பிழைத்து நிற்பதைக் காண என்னால் முடியவில்லை. கோயிலில் போதகர், "ஞாபக ஜெபம் வைத்துவிடலாமா?" என்று இரண்டு முறை கேட்டார். எந்தத் தேதியில் வைப்பது? காதர் பாய் விட்டு வந்தபோது என் வீட்டுக்காரர் கண் திறந்திருந்தது. வெள்ளைப் புடவை உடுத்தினால் நானே அவரைக் கொன்றதாக ஆகும். வண்ணப் புடவையோடு போனால் பெண்கள் என் கழுத்துத் தாலியைப் பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்கிறார்கள்.

சண்டை ஓய்ந்து கப்பல் ஓட ஆரம்பித்ததும் ரங்கூனுக்குத் திரும்பிப் போக சர்க்கார் ஆபீஸில் மனு கொடுத்தேன். போனால் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள், மூன்றாவது மாடி இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. கவுண்ட்டரில் இருந்தவர் என் காகிதத்தைப் படித்துவிட்டு, "புருஷன் எங்கே?" என்றார்.

"வழியிலே இருக்கார்."

"அங்கேருந்து வர்றாரா, இங்கேருந்து போறாரா?"

"அங்கேருந்து வந்துக்கிட்டிருந்தார்."

"அவர் இங்கே வர்றார்னா நீங்க எதுக்கும்மா அங்கே போறீங்க?" என்றார். கேலி இல்லை, நியாயமாகத்தான் கேட்டார். பிறகு காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து விரலால் தட்டினார். "இதைப் பாருங்க, பர்மா விலாசம் சரியா இருக்கு. மெட்ராஸ் விலாசத்துல கதவு நம்பரே இல்லையே. நிரப்பிக்கிட்டு வாங்க."

இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு கடிதம்கூட வந்ததில்லை, அதனால் நம்பர் தெரிந்துகொள்ளத் தேவை வரவில்லை. வெயிலில் வீட்டுக்கு வந்து, கையில் காகிதத்தோடு என் கதவுக்கு எதிரே நின்று, நிலைப்படியின் மேலும் பக்கத்திலும் நம்பரைத் தேடினேன். சுண்ணாம்புக்கு அடியில் ஏதோ இருந்தது, படிக்க முடியவில்லை. எதிர் வீட்டுக்கு அந்த வாரம்தான் குடிவந்திருந்த ஒருத்தி, முறத்தோடு வெளியே வந்து என்னைப் பார்த்தாள்.

"யாரம்மா தேடுற? அந்த ஊட்ல ஒரு பர்மாக்காரம்மா கீது. பூட்டிக்கினு எங்கியோ போய்க்கீது. இப்டி நெழல்ல குந்து, வந்துரும்."

சரி என்று சொல்லி, என் வீட்டுப் படியில் உட்கார்ந்தேன்.