காளியண்ணன் மாமாவின் ஏழு தலைமுறைச் சாமை

காளியண்ணன் எனக்குத் தாய்மாமன். ஆகவே அவரைக் கேலி பேச எனக்கு உரிமை உண்டு, அதை நான் வீணாக்கியதும் இல்லை. எங்கள் மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்தது; திருப்புலி நாட்டில் அவருக்கு ஒன்றரை ஏக்கர் மரவள்ளி, நாற்பது மிளகுக் கொடி, சரிவில் ஒரு துண்டுச் சாமைக் காடு. சோறு போடுவது மரவள்ளி. மாமா பேசுவதோ சாமையைப் பற்றி மட்டும்.

காஞ்சியிலிருந்து எங்கள் முன்னோர் மலையேறிய கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். மாமா சொன்னால் மட்டும், அவருடைய பாட்டனுக்குப் பாட்டனுக்கும் பாட்டன் ஒருவர் வேட்டியில் சாமை விதையை முடிந்துகொண்டு எல்லாருக்கும் முன்னால் நடப்பார். அந்த விதை ஏழு தலைமுறையாக அறுபடாமல் வருகிறதாம். வேற்று வீட்டு விதை ஒரு கைப்பிடிகூடத் தன் காட்டில் விழுந்ததில்லையாம். பஸ்ஸுக்கு நிற்கிறவர் இதைக் கேட்க ஆரம்பித்தால் பஸ் போய்விடும்.

இந்தப் பெருமை வேளாண்மை அலுவலகத்து ஜெசிந்தா மேடத்தின் காதுக்கு எட்டியது. மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலிருந்து மாற்றலாகி வந்தவர். எதையும் எழுதி வாங்கினால்தான் நம்புவார். பழைய விதையைக் காத்தவர் என்று மாமாவுக்குச் செம்மேட்டில் விழா, சால்வை, மேடையிலேயே ஒரு படிவம்: விதை யாருடையது, எத்தனை தலைமுறை, கீழே கையெழுத்து. மாமா பத்து நாள் பேசிப் பழகினார். அவர் மாடுகளுக்கு அந்தப் பேச்சு மனப்பாடம்.

விழாவன்று காலை, வெள்ளை வேட்டி கட்டி என்னோடு நின்றவரிடம் அவர் மனைவி பாப்பாயி அத்தை மெதுவாக விஷயத்தைச் சொன்னார். நான்கு வருடத்துக்கு முன் சித்திரை நோம்பிக்கு மாமா பன்னிரண்டு பேரை விருந்துக்குக் கூட்டிவந்தார். மூன்று நாள் இருந்தார்கள். மூன்றாம் நாள் வீட்டில் பொட்டு அரிசி இல்லை. வந்தவர்கள் பசியோடு போனால் மாமா தாங்கமாட்டார் என்று, அத்தை பரணிலிருந்த விதைப் பானையின் வாயில் பூசியிருந்த சாணியை உடைத்து, விதைச் சாமையைக் குத்திச் சோறாக்கிவிட்டார். விதையைத் தின்பது எங்கள் பக்கம் வெளியே சொல்ல முடியாத காரியம். அரியூர் நாட்டிலிருக்கும் தன் அண்ணனிடம் விதை வாங்கி, பானையை நிரப்பி, பழையபடி மெழுகி வைத்தார். மறு அறுப்பில் வழக்கப்படி இரட்டிப்பாகத் திருப்பியும் கொடுத்துவிட்டார்.

"பெருமை பேசுனீங்க, சிரிச்சுக்கிட்டேன். கையெழுத்துன்னா வேறங்க" என்றார் அத்தை.

மாமா உட்கார்ந்துவிட்டார். நானும் அந்தச் சோற்றைத் தின்றேனா என்று மட்டும் கேட்டார்.

"மூணு தரம் வாங்கித் தின்னீங்க. பாட்டனூட்டுச் சாமைக்குத் தனி ருசின்னு வந்தவங்களுக்கும் சொன்னீங்க."

நான் வீட்டுக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் பாவமாக இருந்தது. அத்தையின் அண்ணனை விட்டால் விஷயம் எங்கள் மூவருக்குத்தான் தெரியும். அவர் பேசாமல் கையெழுத்துப் போட்டிருந்தால் நாங்கள் காட்டிக்கொடுத்திருக்க மாட்டோம்.

மேடையில் மாமாவைக் கூப்பிட்டார்கள். எப்படியும் அரைமணி நேரம் ஆகும் என்று நான் வசதியாகச் சாய்ந்துகொண்டேன்.

"எங்க பாட்டன் வெதைய நான் தின்னுபோட்டேனுங்க. இது எங்கூட்டுக்காரி பொறந்த ஊட்டு வெதைங்க. அவ பேரப் போடுங்க" என்று சொல்லிவிட்டு மாமா இறங்கிவிட்டார்.

ஜெசிந்தா மேடம் படிவத்தை மறுபடி கையில் எடுத்தார். பிறகு காளியண்ணன் என்ற பெயரை அடித்துப் பாப்பாயி என்று எழுதி, கூச்சத்தில் நெளிந்த அத்தையை மேடையேற்றிச் சால்வையைப் போர்த்தினார். எனக்கு மாமாவை நினைத்துப் பெருமையாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் அப்புறம் அவர் பேசுவதை யார் கேட்டுக்கொண்டிருப்பது.

திரும்பும் பஸ்ஸில் அவர் வெகுநேரம் வாய் திறக்கவில்லை. எனக்குப் பயமாகவே இருந்தது. பிறகு பக்கத்து சீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, காஞ்சியில இருந்து மலையேறுனப்போ முன்னால நடந்தது ஆருன்னு தெரியுமுங்களா? ஒரு பொம்பளைங்க. மடி நெறையச் சாமை வெதைங்க."

அத்தை சால்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.