ஆரின்ரை பெட்டி தலைப்பெட்டி?

கிணறு தோண்டுகிறவனுக்கும் கூரை போடுகிறவனுக்கும் ஒருவரும் வழி சொல்ல வருவதில்லை. நெற்வேர்க் பூட்டப் போகிறவனுக்கு மட்டும் வாசல் காவலாளி தொடக்கம் வெளிநாட்டில் இருக்கிற மச்சாள் வரைக்கும் எல்லாரும் வாத்தியார். இந்தத் தொழிலில் கிடந்து உழல்கிற உங்களுக்கு இது புதிதல்ல. எனக்கும் புதிதல்ல. ஆனாலும் வயிறு எரிகிறது. அதனால் எழுதுகிறேன்.

கோப்பாய்ப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பேர் வேண்டாம். மூன்று தட்டுக் கட்டடம். அண்ணன் தம்பி மூன்று பேர் ஆளுக்கொரு தட்டாகக் கட்டினது. கீழ்த்தட்டு மூத்தவருடையது, ஆள் லண்டனில். நடுத்தட்டு இரண்டாமவருடையது, பிரான்ஸ். மேல்தட்டு கடைசித் தம்பியுடையது; கனடா. இங்கே இருந்து பார்க்கிறவன் மனேச்சர் யோகன். அவர்களுக்கு ஒன்றுவிட்ட தம்பி. மூன்று பேருக்கும் பயந்தவன்.

வேலை இதுதான். பழைய நெற்வேர்க் செத்துப் போச்சு. கொம்பியூட்டர் வயர்கள் எல்லாம் வந்து சேருகிற சுவிட்ச் பெட்டி மூன்று புதிதாகப் பூட்ட வேண்டும். அடுக்கிப் பூட்டுகிற சாதி. ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, பின்பக்கத்தால் முழங்கை நீளக் கட்டை வயரைக் கொழுவி விட்டால் மூன்றும் ஒரே பெட்டி மாதிரி ஓடும். ஒன்று தலைப்பெட்டி. மற்ற இரண்டும் அது சொல்கிறபடி. தலை செத்தால் அடுத்தது தலையாகும். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. பெட்டிகளும் ஆளுக்கொன்றாக அண்ணன் தம்பிமார் வாங்கி அனுப்பினதுதான். நல்ல காலம், மூன்றும் ஒரே மாதிரி. அந்த அளவுக்காவது ஒற்றுமை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனேன்.

லிப்ட் குழி

போன அன்றே படிக்கட்டில் ஒரு பெண்பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. ஒரு கை கைபிடியில். மற்றக் கையில் ரத்தம் சோதித்த றிப்போட்டுகள். வயிற்றில் பிள்ளை, நன்றாக முன்னுக்குத் தள்ளிவிட்டது. யசிந்தா என்று பேர். கொழும்புத்துறையில் இருந்து பஸ் மாறி வருகிறது. வேலை கீழே லாப்பில். டொக்டர்மார் இருப்பது மேல்தட்டில். கீழே அடிக்கிற றிப்போட் மேலே கொம்பியூட்டரில் தெரியாது. ஆகவே யசிந்தா ஏற வேண்டும், இறங்க வேண்டும், திரும்பவும் ஏற வேண்டும்.

லிப்ட் இல்லையோ என்று கேட்டேன். குழி இருக்கிறதாம். லிப்ட்டை யாருடைய பங்கில் போடுவது என்று மூன்று நாட்டிலும் பேச்சு முடியவில்லையாம். எட்டிப் பார்த்தேன். மழைத்தண்ணி நிற்கிறது. தவளை கத்துகிறது. ஆஸ்பத்திரிக்குள் தவளை!

படி ஏறக் கூடாது என்று அவளைப் பார்க்கிற டொக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டா. யோகனிடம் போய்ச் சொன்னால், ஏற ஏலாதென்றால் ஏறக்கூடிய ஆளை எடுப்பேன் என்கிறானாம். புருசனுக்குக் கடலில் களங்கண்டி கட்டி மீன் பிடிக்கிற தொழில். காற்றடித்தால் அதுவும் படுத்துவிடும். பிள்ளை பிறக்கும் வரைக்குமாவது இவளுக்கு இந்தச் சம்பளம் வேண்டும். அதற்குக் கதிரையில் உட்கார்ந்து செய்கிற வேலையாக அது மாற வேண்டும். எல்லாவற்றையும் அழாமல், முறையிடாமல் சொன்னாள். எனக்குத்தான் கோபம் வந்தது. கடைசியாக என்னுடைய வயர்ச் சுருளைப் பார்த்துச் சொன்னாள்:

“ஐயா, உங்கடை வயர் கெதியா மேலை போச்சுதெண்டால் நான் போகத் தேவையில்லை.”

யமன் பார்க்கிற பக்கம்

பெட்டிகளை வைக்கிற இரும்புச் சட்டத்துக்குப் படிக்கட்டின் கீழே ஒரு அறை தந்தார்கள். அலுமாரி அளவு அறை. கதவு தெற்குப் பக்கம். சட்டத்தின் முகம் கதவைப் பார்த்தால்தான் மனிதன் நின்று வேலை செய்யலாம். அப்படியே நிறுத்தி, ஆணியும் இறுக்கி, வயர் எல்லாம் வெட்டி முடித்த பிறகு யோகன் வந்தான். பார்த்தான். நெற்றியில் அடித்தான். தெற்குப் பார்க்கக் கூடாதாம். கழற்று, திருப்பு.

“டேய் தம்பி, உங்கடை பிரேதம் வைக்கிற அறை எந்தப் பக்கம் பாக்குது?” என்று கேட்டேன். “கிழக்கு அண்ணை, நல்ல சாத்திரம் பாத்துத்தான் வைச்சது” என்கிறான். செத்தவனுக்குச் சூரிய உதயம். உயிரோடு வேலை செய்கிற எனக்குச் சுவர். கழற்றினேன், திருப்பினேன். இப்போது வயர் கொழுவுகிற பக்கம் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி. நான் இடுக்குக்குள் சரிந்து நின்று, சவரக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, எந்த ஓட்டை எது என்று தலைகீழாய்ப் பார்த்துக் கொழுவ வேண்டும். முதுகு பிடித்தது. முழங்கை உரஞ்சினது. யோகன் கதவடியில் நின்று ஆறுதல் சொன்னான்:

“ஆஸ்பத்திரியிலை ஒண்டும் யமனைப் பாத்தபடி இருக்கக் கூடாது அண்ணை, அவர் கண்டால் உள்ளுக்கு வந்திடுவார்.”

மூன்றும் ஒன்றாய்

அடுக்குச் சுவிட்சுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. எதைத் தலையாக்கப் போகிறோமோ அதற்குத்தான் முதலில் கரண்ட் கொடுக்க வேண்டும். அது எழும்பி நிமிர்ந்த பிறகு மற்றதுகள். உங்களுக்குத் தெரியும். யோகனுக்குத் தெரியாது. அதனால் காது கேட்கச் சொன்னேன், நான் வராமல் ஒன்றையும் தொடாதே என்று. சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

வந்து பார்த்தால் மூன்றும் எரிகிறது. கேட்டால், பெரியவர் ஒருவர் வாசலில் வந்து நல்ல நேரம் போகப் போகுது என்றாராம். சரி, நேரம்தான் போகட்டும், ஒன்று ஒன்றாகவாவது போட்டிருக்கலாமே? இல்லை. மூன்று வயரையும் ஒரே பலகையில் குத்தி, ஒரே அமத்தில் எழுப்பியிருக்கிறான். ஒன்றும் சொல்லி வைக்காத புதுப் பெட்டிகளை இப்படி ஒன்றாக எழுப்பினால், செய்த இடத்தில் உள்ளுக்குப் பதிந்த இலக்கத்தைப் பார்த்துத் தங்களுக்குள்ளேயே தலையைத் தெரிவு செய்துவிடும். செய்தது. கனடாப் பெட்டி. அதில் மட்டும் கூடுதலாக ஒரு பச்சை லைற் எரிகிறது. அது என்ன லைற் என்று யோகன் கேட்டான். தலைக்குரிய லைற் என்று நானும் சொன்னேன். எனக்கு வாய் இருக்கிறதே!

அவன் இடுக்குக்குள் போனை நீட்டிப் படம் எடுத்து, குடும்ப வட்ஸ்அப்பில் போட்டான். “சின்னண்ணையின்ரை பெட்டி தலைப்பெட்டி” என்று எழுதிக் கும்பிடுகிற கையும் போட்டான். ஏனடா ஒன்றாய்ப் போட்டாய் என்று கத்தினேன். அதற்கு அவன்:

“ஒருத்தருக்கு முந்தி மற்றவரை எழுப்பினதெண்டு கதை வரக் கூடாது அண்ணை, பிறகு கலியாண வீட்டிலை முகம் குடுத்துக் கதைக்க மாட்டினம்.”

பிரான்ஸ் அண்ணி

அன்று பின்னேரமே போன். இரண்டாமவரின் மனைவி. என்னுடைய நம்பரை யார் கொடுத்தது என்று கேட்க வேண்டாம். நான் இடுக்குக்குள் கண்ணாடியோடு நிற்கிறேன். காதுக்கும் தோளுக்கும் நடுவே போன்.

“அண்ணை, எங்கடை பெட்டி ஏன் நடுவிலை கிடக்கு?”

நடுத்தட்டுப் பெட்டி நடுவில் இருக்கிறது, மேல்தட்டுப் பெட்டி மேலே இருக்கிறது, வயர் மாறாமல் இருக்க அதுதான் வசதி என்றேன். அந்தக் கதை அங்கே எடுபடவில்லை. மேலே இருக்கிறவைக்குப் பச்சை லைற், கீழே இருக்கிறவை மூத்தவை என்று பேர், நடுவில் நசிபடுகிறதோ நாங்கள், கட்டடம் கட்டேக்கை சீமெந்துக்கு முதல் காசு அனுப்பினது ஆர் என்று தொடங்கினா. சீமெந்தில் தொடங்கி மாமியின் அட்டியல் வரைக்கும் போய் வந்தா. நான் அதற்குள் நாலு வயர் கொழுவி முடித்தேன்.

கடைசியில் பொறுக்க முடியாமல், “தங்கச்சி, பெட்டிக்கு ரோசம் மானம் ஒண்டும் இல்லை” என்றேன்.

“பெட்டிக்கு இல்லாட்டி என்ன, வாங்கி அனுப்பினவைக்கு இருக்கு!”

பிடுங்கின வயர்

அடுத்த நாள் எல்லாம் ஓடியது. யசிந்தா கீழே இருந்து தட்ட, மேலே டொக்டர் பார்த்தார். அவள் காலை நீட்டிக் கதிரையில் இருந்ததை என் கண்ணால் கண்டேன். ஒரே ஒரு நாள். அதற்கு மறுநாள் காலமை நான் போகிறேன், அவள் படிக்கட்டில் இருக்கிறாள். நிற்கவில்லை, குந்தியிருக்கிறாள். கால் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. மடியில் றிப்போட்டுகள்.

ஓடிப்போய் அறையைத் திறந்தேன். பெட்டிகளைச் சேர்க்கிற கட்டை வயர்கள் மூன்றையும் கழற்றி, வடிவாகச் சுருட்டி, றப்பர் வளையம் போட்டுச் சட்டத்தின் மேல் வைத்திருக்கிறது. பொங்கல் பானைக்கு மஞ்சள் கட்டுகிற மாதிரி அவ்வளவு பக்குவம். மூன்று பெட்டியும் மூன்று தனி உலகம். லாப் லண்டன் பெட்டியில். டொக்டர் கனடாப் பெட்டியில். நடுவில் ஒரு பாலமும் இல்லை.

மூத்தவர் யோகனுக்குப் போன் எடுத்துத் தன்னுடையதைப் பிடுங்கச் சொன்னாராம். அதைக் கேள்விப்பட்டுப் பிரான்ஸ்காரரும் பிடுங்கச் சொன்னாராம். இனிக் கனடாப் பெட்டி தனியே நின்று யாருக்குத் தலை? மூத்தவரைத் தலையாக்குவது எனக்கு ஒரு நிமிச வேலை. ஆக்கினால் கனடா பிடுங்கும். நடுவிலாரை ஆக்கினால் இரண்டு பக்கமும் பிடுங்கும். இவர்களுடைய தலைக்கனத்துக்கு அந்தப் பிள்ளை வயிற்றைச் சுமந்துகொண்டு ஏற வேண்டும். உனக்குக் கண் இல்லையோ என்று யோகனைக் கேட்டேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

“மூத்தவன் நானிருக்க என்ரை பெட்டி சின்னவன்ரை சொல்லுக் கேக்கிறதோ எண்டு பெரியண்ணை கேட்டார், நான் அதுக்கு என்னத்தைச் சொல்லுறது?”

பச்சை லைற்

வயரைத் திரும்பக் கொழுவினேன். யோகனை இடுக்குக்குள் இழுத்தேன். போனைப் பிடி, ஒவ்வொருத்தராய் வீடியோ கோல் எடு, நான் காட்டுகிற பெட்டியை மட்டும் காட்டு, கமராவை அங்கே இங்கே ஆட்டினாயோ தெரியும் என்றேன்.

முதலில் லண்டன். கண்ணாடியை மூக்கில் இறக்கி வைத்துக்கொண்டு வந்தார். பச்சை லைற் எரிகிற பெட்டியைத் தொட்டுக் காட்டி, “இதுதான் உங்கடை. இண்டு தொடக்கம் இதுதான் தலை” என்றேன். கிட்டக் கொண்டு வா என்றார். பார்த்தார். தொண்டையைச் செருமினார். சரி என்றார். அடுத்தது பிரான்ஸ். அவருக்குப் பின்னால் அண்ணியும் எட்டிப் பார்த்தா. அதே பெட்டி. அதே லைற். “உங்கடைதான்” என்றேன். அண்ணி என்னை முதல் தரம் ‘ஐயா’ என்றா. பிறகு கனடா. ஆள் படுக்கையில் இருந்து எழும்பின கோலம். திரும்பவும் அதே பெட்டி.

மூன்றும் ஒரே மாதிரிப் பெட்டி. தன்னுடையது எது என்று வாங்கினவனுக்கே தெரியாது. பின்பக்கத்தில் பேர் எழுதி ஒட்டின துண்டைப் பார்க்காவிட்டால் எனக்கும் தெரியாது. நான் பொய் சொல்லிப் பிழைக்கிறவன் அல்ல. உள்ளதைச் சொல்லித்தான் வாடிக்கையாளரை இழந்தவன். ஆனால் உண்மைக்குப் படி ஏறுவது நான் இல்லையே.

மற்றவைக்குச் சொல்ல வேண்டாம், சண்டை வரும் என்று மூன்று பேரிடமும் கேட்டுக்கொண்டேன். மூன்று பேருக்கும் அதில்தான் பெரிய சந்தோசம். மூத்தவர், “ஓமோம், சின்னப் பெடியள், மனம் நொந்து போவாங்கள்” என்றார். கனடாத் தம்பி குரலைத் தாழ்த்திச் சொன்னது இது:

“பெரியண்ணைக்குத் தெரிய வேண்டாம் ஐயா, வயசு போன மனிசன், தாங்க மாட்டார்.”

தேத்தண்ணி

பிறகு ஒருவரும் வயரைத் தொடவில்லை. கிழமை ஒன்று கழித்து எல்லாம் சரியோ என்று பார்க்கப் போனேன். றிப்போட் மேலே போகிறது. டொக்டர்மார் திருப்தி. லாப்பை எட்டிப் பார்த்தால் யசிந்தாவின் கதிரை வெறுமை.

படிக்கட்டுக்குப் போனேன். ஏறிக்கொண்டிருக்கிறாள். கையில் தட்டு. தட்டில் தேத்தண்ணி. நாலைந்து கோப்பை ததும்புகிறது. யோகன் கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். இப்போது றிப்போட் தூக்கத் தேவையில்லை, ஆள் சும்மாதானே இருக்கிறாள், அதனால் மேலே தேத்தண்ணி கொடுக்கிற வேலையையும் இவளுக்கே போட்டதாம். சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு கெட்டித்தனம் வேறு.

ஏறிப்போய் அவளுடைய கையில் இருந்த தட்டை வாங்கிப் படியில் வைத்தேன். அவளைக் கைபிடித்து இறக்கினேன். பிறகு யோகனைப் பார்த்தேன்.

“தம்பி, போனை எடு. மூண்டு பேரையும் ஒரே கோலிலை கூப்பிடு.”

“ஏன் அண்ணை?”

“பச்சை லைற் ஆரின்ரை பெட்டியிலை எரியுதெண்டு நான் உள்ளதைச் சொல்லப் போறன். போனைப் பிடிச்சது நீ எண்டும் சொல்லுவன்.”

ஆளுக்கு வேர்த்தது. “ஐயோ அண்ணை, என்னை உயிரோடை தோலுரிப்பினம்.”

“அப்ப கேள். பிள்ளை பிறக்கும் வரைக்கும் இவள் அந்தக் கதிரையை விட்டு எழும்பக் கூடாது. சம்பளமும் குறையக் கூடாது. பிறந்த பிறகும் அந்தக் கதிரை இவளுக்குத்தான். என்ன?”

“ஓம் அண்ணை.”

“தேத்தண்ணி ஆறுது.”

யோகன் தட்டைத் தூக்கினான். அவனுக்கும் வயிறு இருக்கிறது; சோத்து வயிறு. முதல் வளைவிலேயே மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டான். யசிந்தா போய்க் கதிரையில் சரிந்து இருந்தாள். காலை ஒரு வெறும் பால்மாப் பெட்டியின் மேல் தூக்கி வைத்தாள். பிறகு ஏதோ நினைவு வந்து, இருந்த இடத்தில் இருந்தபடியே குரல் கொடுத்தாள்:

“யோகன் அண்ணை, சீனி போடாதது மூலை அறை டொக்டருக்கு, மாறிக் குடுத்திட்டுத் திரும்ப ஒருக்கா ஏறாதேங்கோ!”

மூன்று பெட்டிகளை ஒன்றாக்க முழங்கை நீள வயர் போதும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளை ஒன்றாக ஓட வைக்கத்தான் நான் ஆளுக்கொரு பொய் கொழுவ வேண்டியிருந்தது.