மெர்வினின் சாகாத மச்சம்

எங்கள் கடற்கரை ஊரின் புல்தரையில் பந்து உருட்டும் கிளப்பில் மெர்வின் டட்லோவைத் தெரியாதவர் கிடையாது. ஓய்வுபெற்ற பிளம்பர், வயது அறுபத்தெட்டு. நூற்றிருபது வரை வாழ்வதென்று முடிவெடுத்திருந்தார், யாரையும் கேட்காமல்தான்.

காலையில் ஐஸ் தொட்டியில் கழுத்துவரை உட்காருவார். ஒருவேளைதான் சாப்பாடு, மற்ற வேளைக்கு ஏதோ பச்சைப் பொடி. நாங்கள் பீரும் வறுத்த மீனுமாக உட்கார்ந்தால் போதும், பாடம் எடுக்க வந்துவிடுவார்.

"செல்லு ரெண்டாப் பிரியறப்பல்லாம் உள்ள இருக்கற மரபணு நூலோட நுனி தேயும். தேஞ்சு முடிஞ்சா பிரியறது நின்னுடும். அதான்டா கிழடு. உங்களுக்கு நின்னு போச்சு. எனக்கு நிக்காது."

அதற்குள் மீன் ஆறிப்போகும். எனக்கு எரிச்சலாக வரும்.

இத்தனை ஞானம் இருந்தும் குவீன்ஸ்லாந்து வெயிலில் அந்த மனிதர் தொப்பி போடமாட்டார். வெயில் களிம்பு தடவமாட்டார், அதில் ரசாயனமாம். நாங்கள் மூக்கில் வெள்ளை அப்பிக்கொண்டு நிற்போம், அவர் மொட்டைத் தலையோடு பந்து உருட்டுவார்.

பிடரியில் ஒரு மச்சம். கிறிஸ்துமஸுக்கு மிளகு அளவு இருந்தது, ஈஸ்டருக்குச் சட்டைப் பொத்தான் அளவு.

"டாக்டர்கிட்ட காட்டு மெர்வ். ஓரமெல்லாம் கோணலா இருக்கு" என்றார் அவர் மனைவி நோரீன்.

"இந்த வயசுல ஒண்ணு வளருதுன்னா என்ன அர்த்தம்? என் செல்லு இன்னும் இளசுன்னு அர்த்தம்."

கிளப்பே சிரித்தது. நோரீன் சிரிக்கவில்லை. அடுத்த நாள் கணவருடைய பந்துப் பையை எடுத்துப் பூட்டி வைத்துவிட்டார். "தோலைக் காட்டிட்டு வா, அப்புறம் உருட்டு." கிளப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது, மனிதர் பணிந்தார். டாக்டர் மச்சத்தை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்.

முடிவு கேட்க மெர்வினையும் நோரீனையும் நான்தான் காரில் கூட்டிப்போனேன். மூவரும் உள்ளே போய் உட்கார்ந்ததும் மெர்வின் கேட்ட முதல் கேள்வி, "எப்படி டாக்டர், இளசுதானே?"

அந்தப் பெண் டாக்டர் சிரிக்கவில்லை. "ரொம்ப இளசு. இதுல இருக்கற செல்லுக்குக் கிழடே தட்டாது. பிரியறத நிறுத்தாது, சாகவும் சாகாது. புத்துநோய்ங்கறது அதான். வெயில் அத அப்படிக் கெடுத்து வெச்சிருக்கு. மத்த செல்லெல்லாம் ஒழுங்கா கிழடாகிச் சாகறதாலதான் நாம நடமாடறோம் மெர்வின்."

"இப்ப எதுவரைக்கும் பரவியிருக்கு?" என்றார் மெர்வின்.

"கழுத்து நெறிக்கட்டிக்கு வந்துடுச்சு. மருந்து இருக்கு. பார்ப்போம்."

எனக்கு மெர்வின்மேல் இருந்த எரிச்சலெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. திரும்பும் வழியில் நோரீன் தன் வைக்கோல் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் வைத்தார். பூப்போட்ட ரிப்பன் கட்டிய தொப்பி. மெர்வின் அதைத் தொடவில்லை.

கிளப் வாசல் வந்தபோது சொன்னார்.

"எழுபது கிடைச்சாப் போதும் நோரீன்."

"தொப்பியக் கழட்டாத" என்றார் நோரீன்.