பாலத்துக்கு எதற்குக் கூரை?

திடீர் மழைக்குப் பெங்களூரின் லிங்கராஜபுரம் மேம்பாலத்தடியில் ஸ்கூட்டரை ஓரங்கட்டினேன். ஏற்கெனவே அங்கே நாற்பது வண்டி. பின்சீட்டிலிருந்து இறங்கிய பெரியப்பா, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "நான் வேலை பார்த்த ஊர்ல பாலத்துக்கே கூரை இருந்துச்சும்மா. மழை வந்தா ஜனம் பாலத்து மேலயே ஒதுங்கும்." அந்த நொடியே எனக்குப் பிடித்துக்கொண்டது. அந்தப் பாலத்தின் கதையை எழுதியே தீருவது என்று, மழை விடுவதற்குள் முடிவு செய்துவிட்டேன். எனக்கு எல்லாமே அப்படித்தான்.

ஞாயிறு தவறாமல் பெரியப்பாவின் ஆஸ்டின் டவுன் வீட்டுக்குப் போய், அவரைப் பேசவிட்டுப் போனில் பதிவு செய்தேன். கர்நாடக மலைநாட்டில் ஒரு தாலுகா ஆபீசில் அதிகாரியாக இருந்தவர். பாறை நிறைந்த ஓடைக்குக் குறுக்கே உயரமாய் ஒரு மரப்பாலம், மேலே ஓட்டுக்கூரை, இருபுறமும் இடுப்புயரப் பலகை. காபித் தோட்டத்துக்குப் போகும் பெண்கள் அங்கே நின்று முந்தானையைப் பிழிந்துகொள்வார்களாம். ஒரு வருஷம் பள்ளிக்கூடத்து ஓடுகள் காற்றில் போய்விட, பாலத்து ஓடுகளைப் பிரித்து அங்கே போடச்சொல்லிக் கையெழுத்திட்டவர் பெரியப்பாதான். ஊர்க்காரர்கள் முனகியதற்கு, "பாலம் நனைஞ்சா அதுக்கு ஜலதோஷமா பிடிக்கப்போகுது?" என்று கேட்டாராம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். மூன்றாவது மழைக்காலத்தில் பாலம் உடைந்தது. தோட்டத்துக்குச் சோறு கொண்டுபோன ஒரு பெண் விழுந்து செத்துப்போனாள். வெள்ளத்தால் உடைந்தது என்று அறிக்கை எழுதியதும் அவர்தான்.

அதற்குள் மரப்பாலங்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் நான் படித்து முடித்திருந்தேன். வாய் சும்மா இருக்கவில்லை. "பெரியப்பா, கூரை மனுஷங்களுக்கு இல்ல, மரத்துக்கு! ஈரம் இறங்கினா உத்தரம் உள்ளுக்குள்ளயே மக்கிடும்." வகுப்பில் முந்திக்கொண்டு கை தூக்குகிற குரல். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது.

பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "அன்னைக்கு வெள்ளம் ஒண்ணும் வரல. அப்படி எழுதினா எல்லாருக்கும் சௌகரியமா இருந்துச்சு. ஏன் உடைஞ்சதுன்னு நான் யோசிக்கவே இல்லம்மா."

அவள் பேர் என்ன என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்தார். தான் அடித்த ஜோக் வார்த்தை பிசகாமல் நினைவிருந்தது, பேர் வரவில்லை.

அதன்பிறகு நான்கு மாதம் இருந்தார். மழை தூறினாலே ஜன்னலைச் சாத்தச் சொல்வார். "எதையும் மறைக்காம எழுது" என்றார் ஒருநாள். காரியம் முடிந்த அன்று பெரியம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்: "வெள்ளம்னே நெனச்சுக்கிட்டு நிம்மதியாப் போயிருப்பாருடி மனுஷன். உன் படிப்பை அவர்கிட்டயா கொண்டுவந்து காட்டணும்?"

வருகிற சனிக்கிழமை அந்த ஊருக்குப் போகிறேன். பஸ் டிக்கெட் போடும்போது பெரியம்மா எட்டிப் பார்த்து, "ரெண்டாப் போடு" என்றார். அந்தப் பெண்ணின் வீட்டார் யாராவது இருந்தால் முதலில் அவள் பேரைக் கேட்கவேண்டும். பிறகு, ஓட்டைப் பிரிக்கச் சொன்னதும் வெள்ளம் என்று எழுதியதும் யார் என்று சொல்லவேண்டும். பிறந்ததிலிருந்து பேசுகிற கன்னடம்தான். சொல்லிப் பார்க்கிறேன்; அந்த இரண்டாவது வாக்கியம் மட்டும் பாதியிலேயே நின்றுவிடுகிறது.