ஒரு சொம்பு முழுக்க

தாகம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என நினைத்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதிலிருந்தே நோன்பு பிடிக்கிறவள். மாசி வெயிலில், உட்கார இடமில்லாத டவுன் பஸ்ஸில், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள நின்றுகொண்டே போய்த்தான், டயாலிசிஸ் வார்டில் பார்த்துப் பழகிய அந்த ஐயாவை முதல்முதலாக அவர் வீட்டில் பார்த்தேன்.

பொதுச் சுகாதாரம் படித்து முடித்த சூட்டோடு ஓர் ஆராய்ச்சியில் கள உதவியாளராகச் சேர்ந்திருந்த நேரம். டெல்டாவில் வயல் வேலை செய்தே வாழ்ந்தவர்களுக்கு, சர்க்கரை வியாதிகூட இல்லாதவர்களுக்கு, கிட்னி ஏன் இப்படிக் கெட்டுப்போகிறது என்பது பெரிய கேள்வி. அதைப் பேராசிரியர் பார்த்துக்கொண்டார். அதன் வாலில் தொங்கிய சின்னக் கேள்வி எனக்கு வந்தது. கிட்னி நின்றுபோனவர்கள் குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை. ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் குடித்ததெல்லாம் உடம்பிலேயே தங்கும். கால் வீங்கும். நெஞ்சில் ஏறினால் மூச்சு முட்டும். அதனால் தண்ணீர் அவர்களுக்கு அளவு. டவுன்காரர்கள் அந்த அளவுக்குள் ஓரளவு நிற்கிறார்கள், கிராமத்திலிருந்து வருகிறவர்கள் ஏன் நிற்பதில்லை? இதுதான் என் கேள்வி.

வார்டில் அதற்கு ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது. ‘சொல்பேச்சு கேட்பதில்லை.’ நோயாளி எடை மெஷினில் ஏறி நிற்கும்போதே, தங்கின தண்ணீரை அது எடையாகக் காட்ட, சிஸ்டர் முகம் மாறிவிடும். ஐயாவைப் பார்த்து மாறின முகங்களில் நானே பல எண்ணியிருக்கிறேன். இரண்டு தடவை மூச்சு முட்டி, மகன் தூக்கிக்கொண்டு வந்து போட்டிருந்தான். இரண்டாம் தடவை டாக்டர் அவருடைய மனைவியை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். நானும் கூட நின்றேன். “மூணாவது வாட்டி இப்படிக் கொண்டுவந்தீங்கன்னா என்னால எதுவும் சொல்ல முடியாதும்மா.” அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு உடனே ஏதாவது செய்தாக வேண்டும் போலிருந்தது. எனக்கு எப்போதுமே அப்படித்தான் இருக்கும்.

நீடாமங்கலத்திலிருந்து உள்ளே போகும் ரோட்டில் அவர் வீடு. அப்பா பண்ணையாளாக இருந்தவர். இவர் கூலிக்கு நடவு, அறுப்பு என்று உழைத்து, கொஞ்சம் சொந்த நிலம் வாங்கி, இரண்டு ரூம் தளம் போட்டுக் கட்டியிருந்தார். அறுப்பு முடிந்த வயலில் உளுந்து பச்சையாக நின்றது. வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். நான் உட்காருவதற்குள் அந்த அம்மா ஒரு சொம்பு தண்ணீரோடு வந்துவிட்டார். நோன்பு என்று சொன்னேன்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். “அப்ப நீங்களும் நம்ம கட்சியா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் பெருமையும். நோன்பைப் பற்றி, பகல் முழுக்க எச்சிலைக்கூட யோசித்து விழுங்குவதைப் பற்றி, மனசு வைத்தால் தாகத்தைப் பழக்கிவிடலாம் என்பதைப் பற்றி நான்பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். அவர் கடைசிவரை மரியாதையாகக் கேட்டார்.

“உங்களுக்குச் சாயங்காலமானா பாங்கு சொல்லிருவாங்க பாப்பா. எனக்கு யாரு சொல்றது?”

அன்றைக்கு நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழம் வாயில் இருக்க, தண்ணீர்க் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன். அம்மா என்னடி என்றார். வளைகுடாவில் கட்டட வேலை பார்க்கும் அத்தா, என் அப்பா, வீடியோவில் வந்தார். பின்னால் பாதி கட்டின கட்டடம். தண்ணி நிறைய குடிக்கிறீங்களா, விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்குக் குடிச்சீங்களா என்று கேள்வி மேல் கேள்வி கேட்டேன். “குடிக்கிறேன்மா, குடிக்கிறேன்” என்றார். நோன்பு இல்லாத நாளிலும் அவர் அதிகம் குடிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். வேலை நடக்கிற இடத்திலிருந்து கக்கூஸ் தூரம். எங்கள் வீட்டுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற மனிதர் அவர். அவர் தண்ணீர் குடிப்பதை நேரில் பார்த்த ஞாபகமே எனக்கு மங்கலாகத்தான் இருக்கிறது.

நோன்புப் பெருநாள் கழிந்தபின் ஐயா வீட்டுக்கு அடிக்கடி போனேன். இரண்டாம் தடவையா மூன்றாம் தடவையா தெரியவில்லை, திடீரென்று கண்ணில் பட்டது. அவர் சொம்பை உயரத் தூக்கி, அண்ணாந்து, தண்ணீரைத் தொண்டைக்குள் ஊற்றினார். அந்த அம்மாவும் அப்படித்தான். மருமகளும் பேத்தியும் அப்படித்தான். எங்கள் ஊர்ப்பக்கம் பொதுச் சொம்பில் யார் வாய் வைப்பார்கள்? எச்சிலாகிவிடும். ஆனால் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் தாள் என்ன சொல்கிறது? சிறிது சிறிதாக உறிஞ்சிக் குடிக்கவும். அண்ணாந்து ஊற்றுகிறவர் எப்படி உறிஞ்சுவார்? சொம்பு சாய்ந்தால் ஒரு மடக்கா மூன்று மடக்கா என்று கை முடிவு செய்வதில்லை, தொண்டைதான் முடிவு செய்கிறது.

அளவு ஜாடியை வைத்து எல்லோரையும் குடிக்கச் சொல்லி, மிச்சத்தை அளந்து பார்த்தேன். ‘ஒரு வாய்தான் குடிச்சேன்’ என்று அவர் வார்டில் சொன்னதெல்லாம் பொய்யே இல்லை. அந்த ஒரு வாய் பெரியது, அவ்வளவுதான். பஸ்ஸில் திரும்பும்போதே பேராசிரியருக்கு நீளமாக எழுதி அனுப்பினேன். ஒரு வீட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஆனால் விடாதே என்று பதில் வந்தது. எனக்கு அதுவே போதும். ஒரு வழி தோன்றியது: ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர், உள்ளே அளவுக்கு ஒரு கோடு, அவர் மட்டும் வாய் வைத்துக் குடிக்க. டம்ளர்கள் வந்தன. வார்டில் கொடுத்தபோது ஒரே சிரிப்பு. “இதுல எங்கூர்ல கொழந்தைக்கு மருந்துதான் ஊத்துவாங்க” என்றார் ஓர் அக்கா. அன்று ஐயா வார்டுக்கு வரும் நாள் இல்லை. அவருடையதை நானே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். மற்ற வீடுகளுக்கும் கொடுக்க வேண்டியவை பையில் இருந்தன.

டம்ளரை வாங்கினார், திருப்பிப் பார்த்தார். இது உங்களுக்கு மட்டும், வேற யாரும் தொட வேண்டாம், தனியா வெச்சுக்குங்க என்று நான் விளக்கிக்கொண்டே இருந்தேன். அவர் அதைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தார்.

“வேணாம் பாப்பா. எடுத்துட்டுப் போயிருங்க.”

ஏன் என்று கேட்டேன். உளுந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் இல்லாமல் வயலிடம் சொல்வது மாதிரி சொன்னார்.

“எங்கப்பாவுக்கு டீக்கடையில தனி கிளாஸ். கூரையில சொருகி வெச்சிருக்கும். அவரே எடுக்கணும், அவரே கழுவணும், அவரே சொருகணும். நான் கையப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். இந்த வீட்ட கட்டுனப்ப ஒரு முடிவு பண்ணேன். இங்க யாருக்கும் தனி டம்ளர் கெடையாது.”

எங்கள் தெருவில் கடை வைத்திருப்பவர்கள் அதிகம். அந்தக் காலத்தில் அந்தக் கடைகளில் கூரையில் கிளாஸ் இருந்ததா என்று நான் யாரிடமும் கேட்டதில்லை.

அந்த அம்மா கொல்லைப்பக்கமிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார். “மூச்சு முட்டிச் செத்தா மட்டும் தனியா இல்லாம எங்கள எல்லாம் சேத்தா கூட்டிட்டுப் போவப் போறீங்க?” என்றார் புருஷனைப் பார்த்து. பிறகு என் பக்கம் திரும்பினார். “அந்தப் பையில இன்னும் இருக்கா பாப்பா?”

இருந்தது. தனக்கு ஒன்று, மகனுக்கு, மருமகளுக்கு, பேத்திக்கு என்று எடுத்துத் தண்ணீர்ப்பானைக்குப் பக்கத்தில் வரிசையாகக் கவிழ்த்தார். சொம்பைப் பரணில் போட்டார். இனி இந்த வீட்டில் எல்லோருக்கும் இதில்தான் தண்ணீர் என்றார். கணக்கில் மற்ற வீடுகளுக்கு டம்ளர் குறைந்துபோனதை நான் எப்படியோ சமாளித்தேன்.

எல்லாம் உடனே சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். மகன் வயலிலிருந்து வந்து அந்தக் குட்டி டம்ளரில் மறுபடி மறுபடி மொண்டு மொண்டு குடித்து, இது வீடா ஆஸ்பத்திரியா என்று கத்தினான். மருமகள் பக்கத்து வீட்டுக்குப் போய் அண்ணாந்து குடித்துவிட்டு வந்ததைப் பேத்தி போட்டுக்கொடுத்தாள். வார்டில் ஒருவர் அந்த டம்ளரை மீன்காரியிடம் இறால் வாங்கும் அளவுக்கு வைத்துக்கொண்டார். ஆனால் ஐயா எடை மெஷினில் ஏறும்போது சிஸ்டர் முகம் முன்னைவிடக் குறைவாக மாறியது. சித்திரை போனது, வைகாசி போனது, மூச்சு முட்டவில்லை. “நல்லாத்தான் இருக்கேன்” என்பார். பிறகு, “ஆனா இது குடிக்கிறது இல்ல பாப்பா, நனைக்கிறது” என்பார். புதுத்தண்ணி வாய்க்காலில் வரும்போது குப்புறப் படுத்து வாய் வைத்துக் குடித்ததைச் சொல்வார். குடிக்கக் குடிக்க வயிறு கனத்து, எழுந்தால் உள்ளே தண்ணீர் குலுங்கும் என்பார். சொல்லும்போது கை தானாக வயிற்றுக்குப் போகும். நான் போனபோதெல்லாம், உங்க அத்தா எப்ப வர்றாங்க என்றும் தவறாமல் கேட்பார். தெரியலைங்க ஐயா என்பேன்.

ஆனியில் எங்கள் வேலை முடிந்தது. எனக்கு மேல்படிப்புக்கு வடக்கே இடம் கிடைத்திருந்தது. சொல்லிவிட்டுப் போகப் போனேன். மேட்டூர் திறந்து அவர்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்திருந்தது. கலங்கலாக, சருகும் நுரையும் தள்ளிக்கொண்டு ஓடியது. அவர் கட்டிலை வாய்க்கால் கரைக்கே இழுத்துப் போட்டிருந்தார். காலில் வீக்கம் இல்லை. முகம்தான் வற்றிப் போயிருந்தது.

வழக்கம்போல என் பாட்டிலோடு, அவர் கண்ணில் படாமல் குடிக்க ஒதுங்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். வீட்டுப் பக்கம் பார்த்து, சொம்ப எடுத்துட்டு வா என்று குரல் கொடுத்தார். அந்த அம்மா வந்து பார்த்தார். பயந்துவிட்டார். “எனக்கு இல்லடி” என்றார் அவர்.

பரணிலிருந்து சொம்பு வந்தது. புளி போட்டுத் தேய்த்து, அடிபம்பில் அடித்து, ததும்பத் ததும்பக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு அந்த அம்மா நிற்காமல் உள்ளே போனார்.

“நீங்க குடிங்க. முழுசா. வாய் வைக்காம” என்றார் அவர். “நான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

வீட்டில் எல்லோரும் இத்தனை மாதமாக அவர் கண்ணில் படாமல் மூலையில் திரும்பி நின்றுதான் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் முன்னால் குடிக்காதீர்கள் என்று சொல்லிக்கொடுத்ததே நான்தான். வேண்டாங்க ஐயா என்றேன். அவர் சொம்பையே பார்த்துக் காத்திருந்தார். சொம்பைத் தூக்கினேன். எனக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. பாதி கழுத்தில் வழிந்து துப்பட்டா நனைந்தது. “இன்னும் தூக்குங்க, கையை நீட்டுங்க” என்றார். தூக்கினேன். பிறகு வழி கிடைத்துவிட்டது. தண்ணீர் நேராக இறங்கியது. மூச்சு விடாமல் இழுத்தேன். ஓரக்கண்ணில் அவர் தொண்டை தெரிந்தது. என் ஒவ்வொரு மடக்குக்கும் அதுவும் ஏறி இறங்கியது. நிறுத்த நினைத்தேன், நிறுத்தவில்லை. சொம்பு காலியாகும்வரை குடித்தேன்.

கீழே வைத்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. அவர் கண் என் வாயிலேயே இருந்தது.

“எப்படி இருந்துச்சு?”

நன்றாயிருந்தது என்று சொன்னால் போதாது என்று தெரிந்தது. யோசித்துச் சொன்னேன். முதலில் ஜில்லென்று இருந்தது, பிறகு லேசாக மண், கடைசியில் கொஞ்சம் இரும்பு.

“இரும்பா?” என்றார். முகம் மலர்ந்தது. ரொம்ப நாள் பார்க்காத சொந்தக்காரர் ஊரில்தான் இருக்கிறார் என்று கேள்விப்பட்டவர் மாதிரி. “அந்த வாசம் இன்னும் இருக்கா?”

இருக்குங்க ஐயா என்றேன். அவர் பம்ப் பக்கம் திரும்பினார்.

“குழாய் பழசு” என்றார். “மாத்தணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. மாத்த வேணாம்.”