பேட்டரிக்குள் ஒளிந்திருந்த சார்ஜ்

கல்வராயன் மலையிலிருந்து இறங்கும்போது வளைவில் பைக் சறுக்கி, என் கணவரின் கால் முறிந்துவிட்டது. ரத்தம் நிற்கவே இல்லை. அவர் போன் விழுந்து நொறுங்கிவிட்டது; என் போனில் துளி சார்ஜ்தான் இருந்தது. ரகசிய எண் ஒன்றை அழுத்தினால் பேட்டரிக்குள் ஒளிந்திருக்கும் சார்ஜ் வெளியே வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். அதையே திரும்பத் திரும்ப அழுத்தினேன்.

"மொதல்ல ஆம்புலன்ஸுக்குப் போடுடி! இன்னாத்த நோண்டிக்கினு இருக்க?" என்று அவர் அலறினார். போன் அணைந்துபோனது.

முந்தானையைக் கிழித்துக் காலைக் கட்டிவிட்டு, ஆளில்லாத ரோட்டில் நின்று கதறினேன். தினை மூட்டை ஏற்றி வந்த ஜீப்தான் எங்களைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தது. அவர் பிழைத்தார்.

அந்த வீடியோவை நானே பலருக்கு அனுப்பியிருந்தேன். எல்லோரையும் கூப்பிட்டு, அது பொய் என்று சொல்லிவிட்டேன். என் ஓரகத்தி மட்டும், "எனக்குச் சார்ஜ் ஏறிச்சேக்கா" என்கிறாள். அவள் மலைக்குக் கிளம்பினால், இப்போதெல்லாம் நானே அவள் போனுக்குச் சார்ஜ் போட்டு அனுப்புகிறேன்.