தோல் ஜாக்கெட்டுக்கு நாற்பதாயிரம்

தூத்துக்குடியில் மார்கழியிலும் மின்விசிறி ஓடும். அப்படிப்பட்ட ஊரில் என்னிடம் மூன்று தோல் ஜாக்கெட்டுகள் இருந்தன. மூன்றும் அந்தக் காலத்து விமானிகள் போட்டவை போலத் தோன்றும்படி இந்தக் காலத்தில் தைக்கப்பட்டவை. பீரோவில் அவற்றுக்கென்றே ஒரு தட்டு.

“போடவும் மாட்டிய, குடுக்கவும் மாட்டிய. என் பட்டுச்சேலைய எங்கன வைக்க? ஒண்ணையாவது வித்துத் தொலைங்க,” என்றாள் மனைவி.

நான் மறுக்கவில்லை. அன்றே பழுப்பு ஜாக்கெட்டைப் படம் எடுத்து, பழைய பொருள் விற்கும் இணையதளத்தில் போட்டேன். விலை நாற்பதாயிரம். மூன்றில் எனக்கு அதுதான் உயிர். போய்விடக் கூடாது என்பதற்காகவே அந்த விலை. அதே தளத்தில் மற்ற சேகரிப்பாளர்களும் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று போட்டிருந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. அவர்கள் வீட்டிலும் ஒரு பீரோ இருக்கும், கேள்வி கேட்க ஓர் ஆள் இருக்கும். ‘விற்பனைக்குப் போட்டாச்சு’ என்று சொல்லிவிட்டால் போதும்.

ஐந்து மாதம் நிம்மதியாகப் போனது. ஆறாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முத்தையாபுரத்திலிருந்து ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் குளிர்கிடங்கு மேற்பார்வையாளராம். இந்த ஊரில் ஜாக்கெட் உண்மையிலேயே தேவைப்படும் வெகு சிலரில் ஒருவர்.

“அண்ணாச்சி, ஒரு சைபர் கூட விழுந்துட்டோன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“இல்ல தம்பி, விலை அதுதான். பழைய பாணி பாருங்க.”

சிரித்துக்கொண்டே போட்டுப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது. உள்பைக்குள் கையை விட்டவர் ஒரு சீட்டோடு வெளியே எடுத்தார். அது நான் எழுதி வைத்த சீட்டு. குக்கர், குடை, செருப்பு, எதை வாங்கினாலும் வாங்கிய தேதி, கடை, விலை மூன்றையும் எழுதி அதனுள்ளேயே வைப்பது என் வழக்கம்.

அவர் உரக்கப் படித்தார். வாங்கி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. விலை மூவாயிரத்து இருநூறு.

“அண்ணாச்சி, சைபர் மட்டும் இல்ல போலுக்கே!”

அடுப்படியிலிருந்து மனைவி வந்தாள். “அந்த வெலைக்கே எடுத்துக்கிடுங்க தம்பி. மூணு வருசமா எங்க பீரோதான் அதப் போட்டுக்கிட்டு நிக்கி.”

கையெழுத்து என்னுடையது. மூவாயிரத்து இருநூறை எண்ணி வாங்கிக்கொண்டேன். அவர் கிளம்புமுன் சீட்டை வாங்கி, பின்பக்கத்தில் விற்ற தேதியை எழுதி, மறுபடி ஜாக்கெட்டின் உள்பையில் வைத்தேன்.

பைக் தெருமுனை திரும்பியதும் மனைவி கேட்டாள்: “மத்த ரெண்டுலயும் சீட்டு இருக்கோ?”

இருந்தது. இப்போது அவை என் நாட்குறிப்புக்குள் இருக்கின்றன, எடுத்து வைத்த தேதியோடு. ஜாக்கெட்டுகள் இரண்டும் விற்பனைக்குப் போட்டாச்சு. ஒவ்வொன்றும் அறுபதாயிரம்.